குடலடைப்பும் கம்பிவலைக் குழாயும்
(சுகாதாரப் பாடம்)

மலத்தில் இரத்தம் கண்டால், "மூலந்தானே!" என்று மருந்துக்கடையோடு நின்றுவிடும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் உண்டு, ஜாசின், அலோர் காஜா தோட்டப்புறங்களிலும் உண்டு, மலாக்காப் பட்டணத்திலும் உண்டு. அதன் விளைவு என்ன? 2012 முதல் 2016 வரையான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, மலேசியாவில் குடற்புற்று கண்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேருக்கு நோய் மூன்றாம், நான்காம் கட்டத்திலேயே தெரியவந்தது.

அடைப்பு என்பது யாது?

மலக்குடலில் கட்டி வளர்ந்து வழியை மூடிவிடும். வயிறு உப்பும், வலி விட்டு விட்டு வரும், மலமும் காற்றும் பிரியா, வாந்தியும் உண்டாகலாம். இந்நிலையில் பேதி மருந்து கொடுப்பது ஆபத்து. தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டும்.

குழாய் என்ன செய்யும்?

நோய் ஈரல் முதலிய இடங்களுக்குப் பரவி, ஆபரேஷனால் குணமாக்க இயலாதபோது, ஆசனவாய் வழியே சுருங்கிய கம்பிவலைக் குழாயை டாக்டர் செலுத்துவார். இதற்கு 'ஸ்டென்ட்' என்று பெயர். நிக்கலும் டைட்டானியமும் கலந்த இவ்வலை, ஓரிரு நாளில் தானே விரிந்து வழிவிடும். மலக்குடல் அடைப்புக்கு இம்முறையை 1991-ல் டோமோத்தோ என்ற டாக்டர் எழுதி வெளியிட்டார். வயிற்றைக் கீறவேண்டியதில்லை, சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் இது புற்றைக் குணமாக்காது, துன்பத்தையே தணிக்கும்.

குறைகள் யாவை?

குழாய் நழுவலாம், கட்டி வலையினூடே வளர்ந்து மறுபடி அடைக்கலாம், குடலில் துளை விழலாம். ஹாலந்தில் நடந்த ஓர் ஆய்வு, பலருக்குத் துளை விழுந்ததால் இடையிலே நிறுத்தப்பட்டதாக 2008-ல் வெளியாயிற்று. புற்றின் இரத்தக்குழாய்களை ஒடுக்கும் சில மருந்துகள் இவ்வாபத்தைக் கூட்டும். கட்டி ஆசனவாய்க்கு மிக அருகில் இருந்தால், குழாய் ஓயாத வலியையும் மலம் அடக்க முடியாமையையும் தரும். அத்தகையோருக்கு வயிற்றில் வழி திறந்து பை பொருத்துவதே மேல்.

பை வைத்தால் தொழுகை?

பலர் பைக்கு அஞ்சுவது இதனாலேயே. அடக்க முடியாத நிலையில் உள்ளவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. தொழுகை நேரம் வந்தபின், இயன்றவரை சுத்தம் செய்து, ஒளுச் செய்து தொழலாம். விவரத்தைத் தம் மத்ஹபு அறிந்த ஆலிமிடம் கேட்டுக்கொள்க. தொழுகை போய்விடுமோ என்று அஞ்சிச் சிகிச்சையை மறுக்க வேண்டாம்.

வீட்டார் கவனிக்க:

1. குழாய் வைத்தபின் நார் மிகுந்த உணவைக் குறைத்து, மலம் இளக டாக்டர் தரும் மருந்தைத் தவறாமல் கொடுக்கவும்.
2. திடீர் வயிற்றுவலி, காய்ச்சல், மீண்டும் உப்புசம் கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லவும்.
3. "குழாயா, பையா? எத்தனை நாள் பயன் தரும்?" என்று நோயாளியே டாக்டரிடம் கேட்கட்டும். அவரிடம் மறைத்து மற்றவர்கள் முடிவு செய்வது முறையன்று.

நோய்க்குறி இல்லாவிடினும், 50 முதல் 75 வயதுக்குட்பட்டோர் அரசாங்கக் கிளினிக்கில் மலப் பரிசோதனை செய்துகொள்ளலாம். இரத்தம் கண்டவர்களோ, வயதைப் பாராமல் உடனே டாக்டரைக் காணவேண்டும்.