கிளைடர் ஏவுதலில் எஃகு வடமும் செயற்கை இழைக் கயிறும்

இயந்திரமில்லாத கிளைடர் விமானத்தை வானில் ஏற்றுவதற்குரிய வழிகளுள் செலவு குறைந்தது, வின்ச் எனப்படும் இழுபொறியைக் கொண்டு ஏவுவதாகும். திடலின் ஒரு கோடியில் இழுபொறியும் மறு கோடியில் கிளைடரும் நிற்கும். ஏறத்தாழ 1,000 மீட்டர் நீளமுள்ள வடம் இரண்டையும் இணைக்கும். பொறியின் உருளை வடத்தை விரைந்து சுற்றிக்கொள்ள, கிளைடர் பட்டம்போல் எழுந்து, ஒரு நிமிடத்திற்குள் 300 முதல் 400 மீட்டர் வரை உயர்ந்து வடத்தைக் கழற்றிவிடும்.

இப்பணிக்கு நெடுங்காலம் எஃகு வடமே பயன்பட்டது. அது உழைக்கும், விலையும் குறைவு. ஆயினும், மடிந்து முறுக்கேறிய இடத்தில் அது நலிகிறது. அறுந்த கம்பிகள் முள்போல் நீட்டிக்கொண்டு கையைக் கிழிக்கின்றன. இழுபடும்போது அறுந்தால், கனத்த வடம் சவுக்குப்போல் சுருண்டு அருகிலிருப்போரைத் தாக்கக்கூடும்.

புதிய இழை

எஃகுக்கு மாற்றாக வந்துள்ளது மிக உயர்ந்த மூலக்கூற்று எடையுள்ள பாலிஎதிலீன் இழை. பாலிதீன் பையும் இதே வகைப் பொருளால் ஆனதே. ஆனால் இவ்விழையில் மூலக்கூறுகள் மிக நீண்டவை. இழையின் திசையிலேயே வரிசையாக அமைந்தவை. வலிமையின் காரணம் இதுவே. நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்களான பால் ஸ்மித், பீட் லெம்ஸ்ட்ரா ஆகியோர் 1979-ஆம் ஆண்டில் இதன் தயாரிப்பு முறைக்குக் காப்புரிமை கோரினர்.

1,000 மீட்டர் எஃகு வடம் சுமார் 65 கிலோ எடையுள்ளது. அதே நீளமும் 5 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள இவ்விழைக் கயிறு சுமார் 15 கிலோவே. வலிமையிலோ எஃகுக்குக் குறைந்ததன்று. கிளைடர் ஏற ஏறத் தொங்கும் வடத்தின் எடையையும் சுமக்க வேண்டியிருப்பதால், கயிறு இலேசானால் ஏறும் உயரம் கூடுகிறது. திடலில் கயிற்றை இழுத்து விரிப்பதும் எளிதாகிறது.

எல்லாச் செயற்கைக் கயிறும் இதற்கு ஏற்றதன்று. நைலான் ரப்பர்போல் நீண்டு சுருங்குவதால் கிளைடரை உலுக்கும். பாலிஎதிலீன் இழையோ மிகச் சிறிதே நீள்கிறது.

கவனிக்க வேண்டியவை

இவ்விழையின் பகைவர் இருவர்: வெப்பமும் உராய்வும். ஏறத்தாழ 145 பாகை செல்சியஸில் இது உருகும். அதற்கு வெகு முன்னரே வலு குறையத் தொடங்கும். எஃகு வடம் அரித்துக் கீறிய பழைய கப்பிகளில் ஓடவிட்டால் கயிறு அறுபடும். ஆதலின் கப்பிகளை மாற்றுதல் வேண்டும். இறுகிய சுற்றுகளின் அழுத்தம் மெல்லிய உருளையை நசுக்கக்கூடும்; அதன் உறுதியையும் ஆராய வேண்டும். ஆபத்தில் வடத்தை வெட்டும் கத்தி இழைக் கயிற்றையும் வெட்டுகிறதா என்று சோதித்தறிதல் இன்றியமையாதது.

அறுந்த கயிற்றை முடிச்சிடலாகாது. முடிச்சு வலிமையைப் பாதியளவுக்குக் குறைத்துவிடும். ஒரு முனையை மற்றதன் உள்ளீடற்ற பின்னலுக்குள் செலுத்திக் கோத்தால், இழுக்குந்தோறும் வெளிப்பின்னல் உள்முனையை இறுகப் பற்றும்.

கயிறு வலுத்துவிட்டது என்று கருதி, வலுக்குறைந்த இணைப்பை நீக்குவது பெருந்தவறு. மின்சுற்றில் ஃபியூஸ் செய்யும் வேலையை இது செய்கிறது. அளவுக்கு மீறிய இழுவிசையில் முதலில் இது முறிந்து விமானத்தின் உடலைக் காக்கிறது. ஒவ்வொரு கிளைடருக்கும் அதன் கையேட்டில் குறித்த அளவுள்ள இணைப்பையே பூட்ட வேண்டும்.

எதைத் தேர்வது?

புல் மூடிய திடலில் இழைக் கயிறே சிறந்தது. கூரிய சரளையும் கற்களும் நிறைந்த தரையில் அது விரைவில் தேயும். அங்கே எஃகின் பொறுமை பயன் தரும். எனவே கயிற்றின் விலையைக் கேட்குமுன் தரையைப் பார்த்தல் நன்று.

ஆசிரியர்கள் வகுப்பில் பாலிதீன் துண்டையும் இரும்பு ஆணியையும் நீரிலிட்டுக் காட்டலாம். முன்னது மிதக்கும், பின்னது அமிழும். கிளைடர் கூடுதலாக உயர்வதன் காரணம் மாணவர்க்கு அப்போதே விளங்கும்.