சளி மருந்து அளவு மீறினால் வலிப்பு நீளுமா?

ஆடி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றும் புழுதியும். மார்கழியில் பனி. மில் வேலை என்றால் பஞ்சுத் தூசி. காலியான சைட் எல்லாம் பார்த்தீனியம். கோவை, திருப்பூர்ப் பக்கம் மூக்கு ஒழுகாத வீடு எது? அதனால்தான் நம் வீட்டு அலமாரியில் அரை அட்டை அவில் மாத்திரையும், ஃபிரிட்ஜ் கதவில் பாதி பாட்டில் இருமல் சிரப்பும் எப்போதும் இருக்கின்றன. இவை 'ஒண்ணும் பண்ணாத மருந்து' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சித்த மருத்துவர் எதற்கு ஆங்கில மருந்தைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. எங்கள் படிப்பில் நஞ்சு நூல் ஒரு பாடம். அதில் ஊமத்தை நஞ்சுக்குச் சொல்லப்படும் குறிகள்: நா வறட்சி, முகச் சிவப்பு, விரிந்த கண்மணி, உடல் சூடு, சிறுநீர் கட்டுதல், பிதற்றல், இல்லாத பூச்சியைக் காற்றில் பிடிப்பது போல் கை துழாவுதல். பழைய வகை அலர்ஜி மருந்துகள் அளவு மீறும்போதும் இதே குறிகள்தான்! இரண்டுமே நரம்பில் அசெட்டைல்கோலின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கின்றன. இளைப்புக்கு ஊமத்தை இலைப் புகை பிடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் கூடவே அவிலும் போட்டால் ஒன்றின் வேகத்தை மற்றது கூட்டும்.

மூளையில் என்ன நடக்கிறது?

தும்மலையும் அரிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின், மூளைக்குள் வேறு வேலை பார்க்கிறது. நம்மை விழிப்பாக வைப்பது அதுதான். மூளை நரம்புகள் கட்டுமீறிப் பொறி தட்டாமல் அடக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. குளோர்ஃபெனிரமின், ஃபெனிரமின் (அவில்), டைஃபென்ஹைட்ரமின், புரோமெத்தசின், ஹைட்ராக்சிசின் போன்ற பழைய மருந்துகள் மூளைக்குள் எளிதாக நுழைந்து ஹிஸ்டமினைத் தடுத்துவிடும். தூக்கம் வருவது இதனால்தான். அளவு கூடினால் அடக்கும் கை விலகி, வலிப்பு வருகிறது. புது வகையான சிட்ரிசின், லோரடடின், ஃபெக்சோஃபெனடின் மூளைக்குள் குறைவாகவே போகும்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. அளவு மீறினால் பெரியவர்கள் பெரும்பாலும் முதலில் தூங்கி வழிவார்கள். குழந்தையோ தூங்காமல் துள்ளும், கத்தும், தாயையே அடையாளம் தெரியாமல் விழிக்கும். "சேட்டை பண்ணுது" என்று விட்டுவிடுவோம். அதற்குப் பிறகு வெட்டு வரும்.

1994-லேயே ஆஸ்திரேலிய மருத்துவர்கள், அளவு மீறிய நிலையில் மற்ற அலர்ஜி மருந்துகளைவிட ஃபெனிரமின் அதிகமாக வலிப்பை உண்டாக்குகிறது என்று எழுதினார்கள். அளவு மீறாமலே ஆபத்து கொஞ்சம் உண்டு என்பது 2024-ல் வெளியான கொரிய ஆய்வு சொல்வது. பழைய வகை அலர்ஜி மருந்து எழுதிக் கொடுக்கப்பட்ட காலத்தில் குழந்தைகளுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு 22 சதவீதம் கூடுதல். 6 மாதம் முதல் 2 வயது வரை உள்ளவர்களிடம்தான் இது அதிகம். காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைகளைக் கவனித்த ஜப்பானிய மருத்துவர்களோ, இம்மருந்து கொடுக்கப்பட்டிருந்தவர்களுக்கு வலிப்பு கூடுதல் நேரம் நீடித்ததைக் கண்டார்கள். ஆகவே காய்ச்சல் வலிப்பு ஒரு தடவை வந்த குழந்தைக்கு, சளிக்கென்று நீங்களாகச் சிரப் வாங்காதீர்கள்.

மூடிக் கணக்கு

"டாக்டருங்க, ராத்திரியெல்லாம் ஒரே இருமலுங்க. ஒரு மூடிக்கு ரெண்டு மூடியா ஊத்துனனுங்க. அப்பறந்தான் கண்ணு அசந்துச்சு." இப்படிச் சொல்லும் தாய்மாரை நான் வாரம் ஒருவராவது பார்க்கிறேன். "அம்மிணி, அது அசந்ததில்ல, மயங்குனது" என்பேன்.

ஒரு கணக்குப் போடுவோம். டைஃபென்ஹைட்ரமின் உள்ள இருமல் சிரப்பில் 5 மில்லிக்குச் சுமார் 14 மி.கி. மருந்து இருக்கிறது. 6 வயதுக்கு உட்பட்ட குழந்தை, உடல் எடையில் கிலோவுக்கு 7.5 மி.கி. அல்லது அதற்கு மேல் குடித்திருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அமெரிக்க நஞ்சு மையங்களின் விதி. 10 கிலோ குழந்தைக்கு இது 75 மி.கி. அதாவது ஐந்தரை ஸ்பூன்கூட ஆகாது! மூடி திறந்து கிடந்த பாட்டிலை எடுத்து ஒரு குழந்தை குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

சொட்டு மருந்து இன்னும் மோசம். குளோர்ஃபெனிரமினும் ஃபெனைலெஃப்ரினும் கலந்த சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 2 மி.கி. குளோர்ஃபெனிரமின். சிரப் என்று நினைத்து ஒரு ஸ்பூன் ஊற்றினால் 10 மி.கி. உள்ளே போய்விடும். இந்தக் கலவையை 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது. வாங்கும்போது அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

2025 அக்டோபரில் தமிழகம் தடை செய்த கோல்ட்ரிஃப் சிரப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதிலும் குளோர்ஃபெனிரமின் இருந்தது உண்மை. ஆனால் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்ததற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது, அதில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால். அது சிறுநீரகத்தைக் கொல்லும் நஞ்சு. இது வேறு, அது வேறு.

தெரியாமலே இரட்டை அளவு போவதும் உண்டு. சளி மாத்திரையில் குளோர்ஃபெனிரமின். அரிப்புக்கு அவில். வால்பாறை மலையின் 40 கொண்டை ஊசி வளைவுக்கு வாந்தி வராமல் அவோமின், அது புரோமெத்தசின். "பிள்ளை சோறே திங்க மாட்டேங்குது" என்று வாங்கும் பசி டானிக்கில் சைப்ரோஹெப்டடின். நான்கும் ஒரே குடும்பம்! 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் புரோமெத்தசின் கூடவே கூடாது, மூச்சு நின்றுவிடலாம்.

எங்கள் பக்கத்துப் பொருளையும் சொல்லாமல் விடக்கூடாது. கற்பூரமும் ஊட்டித் தைலமும் வாய் வழியே உள்ளே போனால் குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். தைலத்தைச் சர்க்கரையில் விட்டுக் கொடுக்கும் பாட்டிமார்கள் தயவுசெய்து கவனிக்கவும்.

வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் வேறு கவலை. டைஃபென்ஹைட்ரமின் மாத்திரையை நிறைய விழுங்கும் ஒரு பந்தயம் இணையத்தில் பரவி, பதின்வயதினர் ஆஸ்பத்திரிக்குப் போனதையும் இறந்ததையும் குறித்து 2020-ல் அமெரிக்க அரசு எச்சரித்தது. பரீட்சைக் காலத்தில் மனம் நொந்திருக்கும் பிள்ளை இருந்தால் மாத்திரை அட்டைகளைப் பூட்டி வையுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். 14416 என்ற மனநல உதவி எண் இலவசம்.

வலிப்பு வந்துவிட்டால்...

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டிய வலிப்பு தானாக நிற்பது கஷ்டம். அரை மணியைத் தாண்டினால் மூளை நரம்பே பழுதாகலாம். தசை சிதைந்து சிறுநீரகத்தையும் கெடுக்கும். மருந்து அளவு மீறி வந்த வலிப்பென்று சந்தேகம் இருந்தால் 5 நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். உடனே 108.

ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்து, மூக்கில் வெங்காயம், பல்லிடுக்கில் ஸ்பூன் எதுவும் வேண்டாம். உப்புத் தண்ணீர், புளிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். வலிப்பு வரும் வேளையில் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

சித்த மருந்தால் நிறுத்தும் வலிப்பல்ல இது. ஆஸ்பத்திரியில் லோரசெபாம் அல்லது மிடசோலாம் ஊசி போடுவார்கள். இம்மருந்துகளில் சில இதயத்தின் சோடியம் வாயில்களையும் அடைத்துத் துடிப்பைக் கெடுக்கும். அதனால் ஈ.சி.ஜி. பார்த்து, தேவைப்பட்டால் சோடியம் பைகார்பனேட் ஏற்றுவார்கள். வலிப்புக்கு வழக்கமாகப் போடும் ஃபெனிடாயின் ஊசி இங்கே ஒத்துவராது. அதுவும் அதே வாயிலை அடைப்பதுதான். இன்ன மருந்து குடித்ததால் வந்த வலிப்பு என்று டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டியது இதனால்தான்.

ஆகவே பாட்டிலையும் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு, குழந்தையின் எடை என்ன, கூடவே நாட்டு மருந்து, தைலம் ஏதாவது கொடுத்தீர்களா... எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். டெல்லி எய்ம்ஸ் நஞ்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. இரவு பகல் எந்நேரமும் கேட்கலாம்.