புது டயர் பின்னால்தான்

நாமக்கல் லாரிக்காரர்கள் புது டயர் வாங்கினால் முன்னால் மாட்டுவார்கள். ரீட்ரேட் செய்தது பின்னால் போகும். லாரிக்கு அது சரியான வழக்கம். முன்னால் பக்கத்துக்கு ஒரே டயர், வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது. பின்னால் ஜோடி டயர். ஒன்று போனாலும் மற்றது தாங்கும்.

லாரியை நம்பி வாழும் ஊர்ப்பக்கம் என்பதால் அதே வழக்கம் காருக்கும் வந்துவிட்டது. இரண்டு டயர் மட்டும் மாற்றப் போனால், "முன்னாடி போட்டுக்கங்க தம்பி, ஸ்டியரிங் அங்கதானுங்களே இருக்குது" என்கிறார்கள். அக்கறையாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் நான் பின்னால்தான் போடச் சொல்வேன்.

தண்ணீர் தேங்கிய ரோட்டில் முன் டயர் வழுக்கினால் கார் திரும்பாமல் நேராகப் போகும். ஸ்டியரிங் லேசாவது கையில் தெரியும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடி கிடைக்க வாய்ப்புண்டு. பின் டயர் வழுக்கினால் அப்படி எதுவும் கைக்குத் தெரியாது. பின்பக்கம் வீசி, கார் சுழன்றுவிடும். பதறிப்போய் பிரேக்கை மிதித்தால் பாரம் முன்னால் சாயும், பின்பக்கம் இன்னும் லேசாகும், சுழற்சி கூடும். அதை மீட்டெடுக்கும் பயிற்சி நம்மில் மிகச் சிலருக்கே இருக்கும். தருமபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் இறக்கத்தை நினைத்துப் பாருங்கள்: இறக்கம், வளைவு, பிரேக் மூன்றும் ஒரே இடத்தில். மழையும் சேர்ந்தால் பின் டயரின் பட்டன்தான் காரை நேராக வைத்திருக்கும். எந்தச் சக்கரம் இழுக்கிற காராக இருந்தாலும் இதே கணக்குதான்.

அதற்காக முன்னால் மொட்டை டயரோடு ஓட்டச் சொல்லவில்லை. பட்டன் இடுக்கில் குறுக்காகச் சின்ன மேடு இருக்கும். டயர் அதற்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் மிச்சம் 1.6 மி.மீ.தான், அதற்குமேல் ஓட்டக்கூடாது. புது டயரில் ஏறக்குறைய 8 மி.மீ. இருக்கும். நான் 3 மி.மீ. வந்ததுமே மாற்றிவிடுகிறேன், ஐப்பசி மழைக்கு அதற்குக் கீழே நம்பிக்கையில்லை.

வெயிலுக்குக் காற்றைக் குறைத்து ஓட்டுவதும் வேண்டாம். காற்று குறைந்த டயர்தான் அதிகம் மடங்கிச் சூடேறி வெடிக்கும். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவை, காலையில் வண்டி எடுக்கும் முன் பிடித்துக்கொள்ளுங்கள்.

சின்ன கார்களில் பெரும்பாலும் முன் டயர்தான் சீக்கிரம் தேயும். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் மாற்றி வந்தால் நான்கும் சேர்ந்தே தேயும். நான்கையும் ஒன்றாக மாற்றிவிடலாம். இரண்டுதான் வாங்க முடிகிறதென்றால், ஜாக்கி ஏற்றும் முன்பே சொல்லிவிடுங்கள்: புதுசு பின்னால், பின்னால் இருந்த நல்லது முன்னால். கூடுதலாகக் கழற்றி மாட்டும் கூலியைக் கொடுத்துவிடலாம்.