வாட்ஸ்அப்பில் ஃபைல் போகவில்லையா?

* வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், ஏரோபிளேன் மோடை ஆன் செய்து சில நொடி கழித்து ஆஃப் செய்யுங்கள். அப்படியும் நகராவிட்டால் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள்.

* போனில் தேதி, நேரம் தவறாக இருந்தால் சர்வருடன் இணைப்பே கிடைக்காமல் போகலாம். தானியங்கி நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

* டேட்டா சேவர், வி.பி.என். இரண்டையும் அணைத்துவிட்டு அனுப்புங்கள்.

* வந்த ஃபைல் இறங்க மறுத்தால் ஸ்டோரேஜ் நிரம்பியிருக்கலாம். தேவையில்லாத வீடியோக்களை அழியுங்கள்.

* நாள்பட்ட ஃபைல் சர்வரிலிருந்து நீங்கியிருக்கும். அனுப்பியவரையே மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

* 2 ஜி.பி.க்கு மேற்பட்ட ஃபைல் போகாது. கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க்கை அனுப்புங்கள்.

* ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போடுவது கடைசி வழி. அதற்கு முன் சாட் பேக்கப் எடுக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பழைய உரையாடல்கள் கைவிட்டுப் போய்விடும்.