கடல் கடந்து வரும் குருவிகளுக்கு வளையமிடுவது எப்படி?

ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்த சிறு பறவைகள் வசந்தத்தில் மத்தியதரைக் கடலைத் தாண்டி ஐரோப்பா திரும்புகின்றன. வழியில் அவை இளைப்பாறும் தீவுகளில் ஒன்று இத்தாலியின் வென்டோட்டேனே. இந்தப் பறவைகளை ஆராய 1988இல் தொடங்கிய ‘சிறு தீவுகள் திட்டத்தின்’ முக்கிய வளையமிடல் நிலையங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. அத்தகைய நிலையத்தில் பணியாற்ற விரும்புவோருக்கான வழிமுறை இது. வளையமிடும் உரிமம் இல்லாதவர்கள், உரிமம் பெற்றவரின் பக்கத்தில் இருந்தே பழக வேண்டும்.

பறவை வரத்து ஏப்ரல், மே மாதங்களில் மிகும். அதற்கு முன்பே வலைகளை நாட்டிவிடுங்கள். வலைகளின் நீளம், இடம், விரித்திருக்கும் நேரம் மூன்றும் ஆண்டுதோறும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பறவை அதிகம் சிக்கும் மூலையில் இன்னொரு வலை கட்ட ஆசை வரும். கட்டினால் சென்ற ஆண்டுக் கணக்கோடு ஒப்பிடவே முடியாது.

மணிக்கொரு முறை வலைகளைச் சுற்றி வாருங்கள். வெயில் ஏறினால் இன்னும் அடிக்கடி. மழையோ பலத்த காற்றோ வந்தால் வலையைச் சுருட்டுங்கள். பறவை விழுந்த பக்கமிருந்தே அதை எடுத்து, தனித் துணிப்பையில் இடுங்கள்.

மேசையில் முதல் வேலை, எண் பொறித்த வளையத்தைக் காலில் மாட்டுவதுதான். பிறகு கை நழுவிப் பறந்தாலும் எண் பதிவாகியிருக்கும். வளையத்தின் விளிம்புகள் பொருந்தியுள்ளனவா, காலில் தாராளமாக நகர்கிறதா என்று பாருங்கள். எண்ணை உரக்க வாசியுங்கள். எழுதுபவர் திருப்பிச் சொல்லட்டும்.

வயதை ஊகித்து எழுதாதீர்கள். கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பானில் வெளிறித் தேய்ந்த பழைய இறகுகள் சென்ற ஆண்டுக் குஞ்சைக் காட்டிக்கொடுக்கும். தோட்டக் கதிர்க்குருவியோ ஆப்பிரிக்காவிலேயே எல்லா இறகுகளையும் புதுப்பித்துவிடும். அதற்கு ‘இந்த ஆண்டுக்கு முன் பிறந்தது’ என்பதோடு நிறுத்துவதே நேர்மை.

அடுத்தது கொழுப்பு. கவனத்தை இங்கே குவியுங்கள். மார்பிறகை மெல்ல ஊதினால் கழுத்தடிக் குழி தெரியும். அங்கே மஞ்சளாய்த் தேங்கியிருப்பதற்கு 0 முதல் 8 வரை மதிப்பெண். மார்புத் தசைக்கு 0 முதல் 3 வரை. குழி வெறுமையாகி, மார்பெலும்பு கத்தி விளிம்பாய்த் துருத்தியவை நிறைய வரும். கடல் கடந்ததில் அவை எவ்வளவு இழந்தன என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லும். அலகடியில் பசைபோல் ஒட்டியிருப்பது பூந்தாதாக இருக்கலாம்; வந்திறங்கிய பசியில் பூச்சி தின்னும் குருவிகளும் பூந்தேன் குடிக்கின்றன. அதையும் குறியுங்கள்.

சிறகு நீளம், கடைசியாக எடை. மீண்டும் சிக்கிய பறவையை மறுபடி எடையிட்டால், தீவில் அதற்கு இரை கிடைத்ததா என்று தெரியும்.

மூச்சிரைக்கிற, கண் சொருகுகிற பறவையை அளக்காமல் நிழலில் விட்டுவிடுங்கள். ஓர் உயிரைப் பணயம் வைத்து நிரப்ப வேண்டிய கட்டம் எதுவும் அந்தப் பதிவேட்டில் இல்லை.