நூற்றிருபது நாள் ஊழியன்

சென்ற கூட்டத்தில், நம் சங்கத்தின் சார்பில் இரத்த தான நாள் ஒன்று நடத்தலாமே என்ற பேச்சு எழுந்தது. அப்போது மூத்த அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "ஏன் தம்பி, இறைக்க இறைக்க ஊறுவதற்கு அது என்ன கிணற்றுத் தண்ணீரா? உடம்பைவிட்டுப் போன இரத்தம் போனதுதானே!" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. நம்மில் பலர் வாய்விட்டுக் கேட்காமல் மனத்தில் பூட்டி வைத்திருக்கும் கேள்வியும் அதுவே. அதற்கு விடை காண வேண்டுமானால், இரத்தத்தில் மிதக்கும் சிவப்பணு என்னும் உயிரணுவின் சுபாவத்தை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

நம் உடல் கோடானு கோடி உயிரணுக்களால் ஆனது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவற்றுள் எண்ணிக்கையில் மிகுந்தவை சிவப்பணுக்களே. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 130 சிவப்பணுக்களை அருகருகே அடுக்கிவிடலாம், அவ்வளவு சிறியவை. உளுந்து வடை தட்டும்போது நடுவில் துளை விழாமல் இருபுறமும் பள்ளம் மட்டும் விழுந்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும் அதன் உருவம். இந்த உருவம் வீணுக்கு அமைந்ததன்று. உருண்டையாக இருப்பதைவிட இப்படித் தட்டையாக இருப்பதால் மேற்பரப்பு அதிகமாகிறது. பிராணவாயு விரைவில் உள்ளே புகவும் வெளியேறவும் முடிகிறது. அன்றியும், உடம்பின் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் சில, சிவப்பணுவைவிடக் குறுகலானவை. அவ்விடத்தில் அணு தன்னை மடித்து, வளைத்து, நுழைந்து, அப்பால் போனதும் பழைய உருவத்தை அடைகிறது. அதன் தோலுக்கு அடியில், வலை பின்னியதுபோன்ற புரத இழைகள் இருப்பதே இதற்குக் காரணம்.

நுரையீரலில் இரத்தம் காற்றைச் சந்திக்கிறது என்று நாம் இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இருதயத்தின் வலப் பக்கத்து இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப் பக்கத்தை அடைகிறது என்பதை 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர், டமாஸ்கஸில் கல்வி கற்றுக் கெய்ரோவில் வைத்தியம் செய்த இப்னு நஃபீஸ் அவர்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாத காலம் அது. சிவப்பணுவை ஹாலந்து நாட்டு லேவன்ஹுக் 1674-இல் கண்டு எழுதியதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே, இப்னு நஃபீஸ் அவர்கள் 1288-இல் காலமாகிவிட்டார்கள். கண்ணால் காணாததை யோசனையால் கண்ட அவர்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்குத் தனியே ஒரு நாள் சொல்ல வேண்டும்.

நிற்க. சிவப்பணுவின் மிக வியப்பான குணம் இனிமேல்தான் வருகிறது. உயிரணு என்றால் அதன் நடுவே கரு ஒன்று இருக்கும். அணு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதற்கும் இரண்டாகப் பிரிவதற்கும் வேண்டிய கட்டளைகள் அதில்தான் அடங்கியுள்ளன. சிவப்பணுவோ, எலும்பு மஜ்ஜையில் முதிர்ச்சி அடையும்போதே தன் கருவை வெளியே தள்ளிவிடுகிறது. பிராணவாயுவைக் கொண்டு சக்தி உண்டாக்கும் உள்ளுறுப்புகளையும் துறந்துவிடுகிறது. காலியான இடமெல்லாம் ஹீமோகுளோபின் என்னும் இரும்புச் சத்துள்ள புரதத்துக்கே. ஓர் அணுவில் அது சுமார் 27 கோடி மூலக்கூறுகள்; ஒவ்வொன்றும் நான்கு பிராணவாயு மூலக்கூறுகளைச் சுமக்க வல்லது. அணு தன் பிழைப்புக்கு வேண்டிய சக்தியை, பிராணவாயுவின் உதவியின்றிச் சர்க்கரையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர் அந்த மூட்டையைப் பிரித்து உண்ணாததுபோல, தான் சுமக்கும் பிராணவாயுவில் ஒரு துளியையும் அது தனக்கென்று செலவிடுவதில்லை. அமானிதம் என்பதற்கு இதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. கரு இல்லாத அணு தன் பழுதைத் தானே சரி செய்துகொள்ள முடியாது. நாள் செல்லச் செல்ல அதன் மேனி விறைக்கிறது. மண்ணீரலில் மிக ஒடுங்கிய இடுக்குகள் உள்ளன. அவற்றின் வழியே வளைந்து நுழையும் அணு மறுபடியும் வேலைக்குப் போகலாம். விறைத்துப்போன அணு அங்கேயே பிடிபட்டுச் சிதைக்கப்படுகிறது. இப்படி ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாட்கள். அதிலிருந்த இரும்பு வீணாவதில்லை. மஜ்ஜைக்குத் திரும்பிப் புதிய அணுக்களுக்குப் பயன்படுகிறது.

கணக்கில் விருப்பமுள்ள பிள்ளைகள் இதைப் போட்டுப் பார்க்கலாம். வளர்ந்த மனிதரின் உடம்பில் ஏறக்குறைய 25 இலட்சம் கோடி சிவப்பணுக்கள். 120 நாட்களில் அத்தனையும் மாற வேண்டுமானால், ஒரு நொடிக்கு 20 இலட்சத்துக்கு மேல் புதியவை பிறக்க வேண்டும். பிறக்கத்தான் செய்கின்றன, இதை நீங்கள் படிக்கும் இவ்வேளையிலும்.

ஆகவே, மூத்தவர் கேட்ட கேள்விக்கு விடை: ஆம், அது ஊறும் கிணறுதான். இரத்த தானத்தில் ஒருமுறை எடுப்பது 350 அல்லது 450 மில்லிலிட்டர். உடம்பில் உள்ள சுமார் 5 லிட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. குறைந்த நீர்ப்பகுதி ஓரிரு நாளில் நிரம்பிவிடுகிறது. பிராணவாயு குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்து, மஜ்ஜைக்கு ஒரு சுரப்பு நீரின் மூலம் செய்தி அனுப்ப, சில வாரங்களில் அணுக்களும் ஈடாகிவிடுகின்றன. கொடுக்காமல் வைத்துக்கொண்டாலும் அந்த அணுக்கள் 120 நாட்களுக்குமேல் நம்மிடம் தங்கப்போவதில்லை.

கிணறு ஊறாதவர்களும் நம் நடுவே இருக்கிறார்கள். தலசீமியா என்னும் பிறவி நோய் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் புதியதன்று. அதன் கடுமையான வகையில் ஹீமோகுளோபின் சரிவர உருவாவதில்லை, அணுக்கள் மஜ்ஜையிலேயே மடிகின்றன, குழந்தை வெளுத்துப்போகிறது. மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பிறர் இரத்தத்தை ஏற்றினால்தான் அது ஓடியாடி விளையாடும். பெற்றோர் இருவரும் இக்குறையை வெளியில் தெரியாமல் சுமப்பவர்களாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு அபாயம் உண்டு. சொந்தத்துக்குள் சம்பந்தம் செய்யும் வழக்கம் நம்மிடையே இருப்பதால், நிக்காஹ் பேசும்போதே இருவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எடுத்த இரத்தத்தை ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கலாமே என்று சிலர் கேட்பர். பையில் இருப்பதும் உயிருள்ள அணுதான். 2 முதல் 6 டிகிரிக் குளிரில், தகுந்த கரைசலில் வைத்தாலும், சிவப்பணுக்களைப் பெரும்பாலும் 42 நாட்களுக்குமேல் வைத்து ஏற்றுவதில்லை. ரமலானில் பகலில் கொடுக்க வருவோர் குறைகிறார்கள், நோயாளிகள் குறைவதில்லை. இஃப்தாருக்குப் பின் இரவில் இரத்த தான முகாம்கள் நடத்துவது இதனால்தான்.

எல்லோரும் கொடுத்துவிட முடியாது. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஹீமோகுளோபினைப் பார்த்த பிறகே அனுமதிப்பார்கள். நம் பெண்மக்கள் பலர் இரும்புச் சத்துக் குறைவால் திரும்ப நேர்கிறது. மீன், இறைச்சி, கீரை வகைகளைச் சேர்த்துக்கொள்வது நலம். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்பு உடம்பில் சேர்வது குறையும். இதை எழுதும்போது என் பக்கத்தில் ஒரு தே தாரிக் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது!

ஜும்ஆவுக்குப் பிறகு அந்த மூத்தவரிடம் இவற்றையெல்லாம் விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "எனக்குத்தான் வயது கடந்துவிட்டதே, தம்பி. என் மருமகனைக் கூட்டி வருகிறேன். ஊசி என்றால் அவனுக்குக் கொஞ்சம் பயம். பக்கத்தில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள்" என்றார். நிற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.