சிபியு முதுகில் செருகிய டாங்கிள்

கேள்வி: பவர்டேபிள் தையல் யூனிட்டில் பில் போடும் கம்ப்யூட்டருக்கு 4ஜி டாங்கிள்தான். ஈ-வே பில் போடும் நேரம் பார்த்து நெட் நின்றுவிடும். லோடு ஏற்றிய வண்டி வாசலில் நிற்கும். டாங்கிள் மாற்றியாயிற்று, சிம்மும் மாற்றியாயிற்று. இனி என்ன வாங்கலாம்?
*– வாசகர், கைகாட்டிப்புதூர், அவிநாசி*

பதில்: ஒரு ஒயரைத் தவிர ஒன்றும் வாங்க வேண்டாம். டாங்கிள் எங்கே செருகியிருக்கிறது என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. சர்வீஸுக்குப் போகிற இடத்திலெல்லாம் ஒரே காட்சிதான்: மேஜைக்கு அடியில் சிபியு, அதன் முதுகில் டாங்கிள், அதை ஒட்டிச் சுவர், தலைக்கு மேலே தகரக் கூரை. இரும்பும் தகரமும் ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். எந்தக் கம்பெனி சிம்மைப் போட்டாலும் அந்த மூலையில் மூச்சுத் திணறத்தான் செய்யும்.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். நெட் நிற்கும் நொடியில் கம்ப்யூட்டர் ‘டிங்-டாங்’ என்று சத்தம் போடுகிறதா? போட்டால் டாங்கிளே கழன்று மறுபடி சேருகிறது; கோளாறு போர்ட்டிலோ கரண்டிலோ இருக்கிறது. சத்தமே இல்லாமல் நின்றால் சிக்னல். சாதாரண யுஎஸ்பி 2.0 போர்ட் கொடுப்பது 500 மில்லிஆம்பியர். டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் டாங்கிள் முழு பலத்தோடு கத்தித்தான் டவரை எட்ட வேண்டும். அப்போதுதான் கரண்டும் அதிகம் இழுக்கும். அதே போர்ட்டை நாலாகப் பிரிக்கும் மலிவு ஹப்பில் மவுஸ், பிரிண்டரோடு செருகியிருந்தால் படுத்துவிடும். பில்லை அனுப்பும் நேரத்தில் நின்றுபோவது டாங்கிளின் குசும்பு அல்ல.

ஹப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, சிபியுவின் பின்பக்க போர்ட்டிலிருந்து நல்ல எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து டாங்கிளை ஜன்னலுக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு மூன்று மீட்டர் போதும். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் இருக்கும் டிக்கையும் எடுத்துவிடலாம். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் போர்ட்டைத் தூங்கவைப்பது அந்த டிக்தான்.

கேள்வி: நாலு பாயிண்ட் டவர் காட்டுகிறது. ஆனாலும் வேகமே இல்லை. ஏன்?
*– வாசகி, பழங்கரை*

பதில்: அந்தப் பாயிண்ட்டைப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். எத்தனை சிக்னலுக்கு எத்தனை பாயிண்ட் என்பதை டாங்கிள் செய்த கம்பெனி தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது. பனியன் துணியை ஜிஎஸ்எம், அதாவது எடைக் கணக்கு, பார்க்காமல் வாங்கமாட்டார்கள் இந்த ஊரில்; நெட்டை மட்டும் கண்ணால் அளந்து வாங்குகிறார்கள்.

சிக்னலை அளக்கும் எண் டாங்கிளுக்குள்ளேயே இருக்கிறது. புதுவகை ஹுவாவே டாங்கிளாக இருந்தால் பிரவுசரில் 192.168.8.1 என்று அடித்தால் அதன் பக்கம் திறக்கும், ஜியோஃபைக்கு 192.168.225.1. அங்கே ஆர்எஸ்ஆர்பி என்று மைனஸில் ஒரு எண் காட்டும். அது அலையின் பலம். மைனஸ் 85 என்றால் நிம்மதி. மைனஸ் 100 வரை வண்டி ஓடும். 110ஐத் தாண்டினால் திக்கும். 95க்கும் 105க்கும் நடுவே பத்துதானே என்று அலட்சியம் வேண்டாம். இது மடக்கைக் கணக்கு. பத்து இறங்கினால் வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும். ஜன்னலிலிருந்து பீரோவுக்குப் பக்கத்தில் நகர்த்தினாலே அவ்வளவு போய்விடும். அறையின் ஒவ்வொரு ஜன்னலிலும் டாங்கிளை வைத்து, ஒரு நிமிஷம் பொறுத்து, எண்ணை எழுதிவைத்துப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. பார்ப்பவர்கள் மறுபடி கடைக்கு வருவதில்லை.

பக்கத்திலேயே எஸ்ஐஎன்ஆர் என்று இன்னொன்று இருக்கும். அது அலையின் தெளிவு. இருபதுக்கு மேல் அருமை, பூஜ்யத்துக்குக் கீழே குப்பை. ஆர்எஸ்ஆர்பி நன்றாக இருந்து இது மட்டும் மோசமென்றால் பக்கத்து டவர்களின் அலை ஒன்றோடொன்று மோதுகிறது. டாங்கிளைக் கட்டடத்தின் எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுபோனால், நடுவே வரும் சுவரே ஒரு டவரை மறைத்து உதவும்.

இரண்டும் நன்றாக இருந்தும் காலை ஆறு மணிக்கு ஓடுவது பதினோரு மணிக்கு ஓடவில்லை என்றால் டவரில் கூட்டம். ஜியோவின் 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. 850 சுவரைத் துளைத்து உள்ளே வரும், ஆனால் பாதை குறுகல். 2300 சுவரில் தடுமாறும், பாதை அகலம். வீட்டுக்குள் டாங்கிள் 850ஐப் பிடித்துக்கொண்டு நாலு பாயிண்ட்டும் காட்டும், வேகம் இருக்காது. ஜன்னலுக்குப் போனால் அகலப் பாதைக்கு மாற வாய்ப்பு உண்டு. அப்படியும் மாறவில்லையா, வேறு கம்பெனி சிம் உள்ள போனை அதே ஜன்னலில், அதே பதினோரு மணிக்கு வைத்துச் சோதித்துவிட்டு முடிவெடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மாற்றக் கூடாது. அவர் ஜன்னல் வேறு.

கேள்வி: பழைய 3ஜி டேட்டா கார்டு நல்ல நிலையில் இருக்கிறது. புது சிம் போட்டும் ‘நோ சர்வீஸ்’ என்கிறது.
*– வாசகர், சேவூர்*

பதில்: ஏர்டெல் 2020லேயே 3ஜியை மூட்டை கட்டிவிட்டது. ஜியோ 2016இல் வந்ததே 4ஜியோடுதான். கார்டு தேடும் 3ஜி இவற்றின் சிம்மில் கிடைக்காது. மெமரி கார்டு செருகும் இடம் இருந்தால் கார்டு ரீடராக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: தினம் 2 ஜிபி பேக். காலை பத்து மணிக்கே தீர்ந்துவிடுகிறது. பையன் படம் பார்ப்பதில்லை என்று சத்தியம் செய்கிறான்.
*– வாசகி, திருமுருகன்பூண்டி*

பதில்: பையனை நம்பலாம். இன்றைய டாங்கிள்கள் பல, கம்ப்யூட்டரிடம் தங்களை ஈதர்நெட் ஒயர் என்று அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. விண்டோஸும் வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறது என்று நினைத்து அப்டேட்டை அள்ளி இறக்கும். நெட்வொர்க் செட்டிங்ஸில் அந்த இணைப்பைத் திறந்து ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதை ஆன் செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒன்டிரைவையும் நிறுத்திவைக்கலாம். அப்டேட்டை அடியோடு நிறுத்துவது தவறு. மிச்ச டேட்டா இருக்கும் இரவில் கையால் போட வேண்டும்.

கேள்வி: ஆன்லைனில் சிக்னல் பூஸ்டர் சகாய விலைக்குக் கிடைக்கிறது. ஷெட் மேலே மாட்டலாமா?
*– வாசகர், பெருமாநல்லூர்*

பதில்: கூடாது. அனுமதியில்லாமல் பூஸ்டர் வைப்பது சட்டப்படி குற்றம். தொலைத்தொடர்புத் துறை ஆட்கள் தேடிவந்து கழற்றுவார்கள். மலிவு பூஸ்டர் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி டவருக்கே அனுப்பும். அந்தத் தெருவில் அத்தனை பேர் போனும் கெடும்.

கேள்வி: தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். ஜன்னலிலும் மைனஸ் 115தான். மகள் கல்லூரி வகுப்புக்கு வழியே இல்லையா?
*– வாசகர், கருவலூர்*

பதில்: இருக்கிறது, கவலை வேண்டாம். எத்தனையோ வருஷம் காத்திருந்த அத்திக்கடவு–அவிநாசித் திட்டத் தண்ணீரே 2024இல் குளத்துக்கு வந்துவிட்டது. ஃபைபரும் ஒருநாள் தோட்டத்துக்கு வரும். அதுவரை டாங்கிளை விட்டுவிட்டு, வெளி ஆன்டெனா மாட்டும் வசதியுள்ள 4ஜி ரவுட்டருக்குப் போவது நல்லது. எந்தப் பக்கம் டவர் என்பதை மத்திய அரசின் ‘தரங் சஞ்சார்’ தளத்தில் வரைபடத்தோடு பார்க்கலாம். ஆன்டெனாவை மாடிக் கம்பத்தில் அந்தப் பக்கம் திருப்பிக் கட்டுங்கள். தென்னை மட்டை குறுக்கே வராமல் இருக்கட்டும், மழையில் நனைந்த ஓலை சிக்னலை உறிஞ்சும். ரவுட்டரை ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். ஆன்டெனா ஒயரை இருபது மீட்டர் இழுத்தால் கம்பத்தில் பிடித்ததை ஒயரே தின்றுவிடும். கீழே கொண்டுவர வேண்டியது லேன் ஒயரை.

கேள்வி: தறிக்குடோனில் சிசிடிவிக்கு 4ஜி சிம் போட்டோம். வெளியூரிலிருந்து போனில் பார்க்க போர்ட் ஃபார்வர்டிங் செய்தும் வரவில்லை.
*– வாசகர், தெக்கலூர்*

பதில்: வராது. மொபைல் நெட்டில் ஒரே பொது ஐபி முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். வெளியிலிருந்து கதவைத் தட்டினால் குடோனுக்கு வந்து சேராது. டிவிஆர் கம்பெனியின் சொந்த ஆப்பில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து சேர்த்தால் படம் வரும். முதலில் டிவிஆரின் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.